பிளக்குக்கு வராத கரண்ட்

மதுரை,
கார்த்திகை 10

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்தே கிடந்ததால் பதில் எழுதத் தாமதம். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தை மாதம் தாத்தா ஆகிவிடுவேன். உன் மகளுக்குத் தேதி குறித்தாயிற்று என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். மண்டபம், சமையல் எல்லாம் பேசி முடித்துவிட்டாய். ஆனால் தாத்தாவின் பழைய பிரீமியர் பத்மினி காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், வண்டியோ தேவகோட்டைக் கொட்டகையில் அசைவேனா என்கிறது என்று நீ புலம்பியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் கதையைக் கேள்.

அம்பாசிடரை விற்றுவிட்டாயா என்று கேட்டிருந்தாய். விற்கவில்லை. அதே 1984 மார்க் 4, அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை செல்ஃப் நன்றாகச் சுற்றியது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை. கால் வலியோடு குனிய முடியாமல் பக்கத்துத் தெருப் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். வந்த பையன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிவிட்டு, "ஸ்கேனர் மாட்டுற சாக்கெட் எங்க சார்?" என்றான். 1984 வண்டியில் ஏது ஸ்கேனர் சாக்கெட்? அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். காயில் (பேட்டரி கரண்டைப் பொறி பறக்கும் அளவுக்கு உயர்த்துவது), அதற்குத் துணையான கண்டென்சர், இன்ஜினுக்குள் பொறி விடும் நாலு பிளக் எல்லாவற்றையும் மாற்றினான். 4,800 ரூபாய். வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

மூன்று நாள்தான். நாலாம் நாள் காரைக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். திருப்பத்தூர் தாண்டி, பிள்ளையார்பட்டிக்கு முன்னாலேயே இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுவிட்டது. மழை விட்டிருந்தது, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பின் சீட்டில் தேங்காய், பழம், சீர்த்தட்டு. வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை நாலு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) மூடிக்குப் போகும் நடு வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, நுனியை இன்ஜின் இரும்புக்கு அருகில் வைத்துக்கொண்டு அவளைச் சாவி திருப்பச் சொன்னேன். (வெறும் கையால் பிடித்துவிடாதே. நான் ஒரு முறை பிடித்து, பானட்டில் மண்டையை இடித்துக்கொண்டேன்.) பொறியே இல்லை. ஆக, குறை காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் இல்லை, காயிலிலோ அதை இயக்கும் பக்கத்திலோ இருக்கிறது. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் (வண்டியின் இரும்பு உடம்பில்) மாட்டி, மறுமுனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வயரின் முனையில் வைத்தேன். இன்ஜின் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் (கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்) மூடி மூடித் திறக்கும், அதற்கேற்ப விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கவில்லை, ஒரே சீராக எரிந்தது. கரண்ட் காயில் வழியாக வந்துவிட்டது, எர்த்துக்கு இறங்க வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

பாயிண்டில் அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மாற்றமில்லை. அப்புறம் சாவியை ஆனில் வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி முனையை ஸ்குரூ டிரைவரால் அதன் உடம்போடு தொட்டு எடுத்தேன். எடுத்த அந்த நொடியில் காயில் வயரில் பொறி! பாயிண்ட் செய்ய வேண்டிய வேலையை நான் கையால் செய்துவிட்டேன். அப்படியென்றால் காயில் நன்றாக இருக்கிறது, பட்டறைக்காரன் கழற்றி எடுத்துப்போன என் பழைய காயிலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். குறை வெளி முனைக்கும் பாயிண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்று அங்குல வயரில்.

பார்த்தால் வயர் முழுசாக இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஊக்கு முனையால் லேசாக இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது மாப்ளே! செம்புக் கம்பி உள்ளே இருந்தால் வயர் நீளுமா? மேலுறை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது, உள்ளே அறுந்து போயிருந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இன்ஜின் உறிஞ்சும் வாக்குவம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பும், கூடவே இந்த வயரும் மடங்கி நிமிரும். நாற்பது வருஷ மடங்கலில் இழை இழையாக அறுந்திருக்கிறது. பையன் கண்டென்சர் மாற்றும்போது கை பட்டு நுனிகள் உரசிக்கொண்டதால்தான் அந்த மூன்று நாள் ஓட்டம்.

வண்டியில் கிடந்த பழைய மல்டிமீட்டரின் சிவப்பு வயரை நறுக்கி அங்கே முறுக்கிக் கட்டினேன். வீட்டு ஒயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பியைப் போட்டால் நாலு நாளில் முறிந்துவிடும், மெல்லிய இழைகள் நிறைய உள்ளதுதான் வளையும். பாயிண்ட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்க வேண்டும், அதை அளக்கும் ஃபீலர் கேஜ் கையில் இல்லை. சீர்த்தட்டில் இருந்த காதுகுத்துப் பத்திரிகையின் ஒரு மூலையைக் கிழித்து அதன் கனத்துக்கு வைத்தேன். கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது என்று மறுநாள் அளந்து பார்த்தபோது தெரிந்தது. பத்திரிகையைக் கிழித்ததற்கு இன்னும் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் பத்மினிக்கு வருகிறேன். நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். செல்ஃப் சுற்றுகிறது, புது பெட்ரோல் கார்புரேட்டர் வரை வருகிறது, காயில் நடு வயரில் நீலப் பொறி டப்டப் என்று அடிக்கிறது, ஆனால் நாலு பிளக்கிலும் ஒன்றுமில்லை. அங்கே வந்து பார்த்த ஆள் காயிலை மாற்றச் சொல்கிறாரா? வேண்டவே வேண்டாம். காயில் வயரில் பொறி வந்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் வேலை செய்கின்றன. என் வண்டிக்கு நேர் எதிர் கேஸ் இது. காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருப்பது என்ன? டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதன் நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கரி, மூடிக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைக் கொடுக்கும் ரோட்டர், நாலு பிளக் வயர். நாலு வயரும் ஒரே நாளில் கெடாது. மூடியில் கீறல் விழுந்தோ ஈரம் பட்டோ இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிளக்கிலாவது பொறி வரும். மிச்சம் கரியும் ரோட்டரும்தான்.

மூடியைக் கழற்றிப் பார்த்தார்களா என்று நீ எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏன் தெரியுமா? பிளஸ் டூ படிக்கும்போது உன் அப்பாவுக்குத் தெரியாமல் இதே பத்மினியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கே ஸ்டார்ட் செய்து, காரைக்குடிக்கு இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் உனக்கு விழாமல் வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினாய். அதற்கப்புறம் ஒரு வாரம் நாம் என்ன செய்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பா வந்து உட்கார்ந்தால் மட்டும் ஒரே சுற்றில் பிடித்தது. மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். கட்டைவிரல் பருமனில் கறுப்பாக, மேலே பித்தளைப் பட்டை வைத்த சாமான். அது இல்லாவிட்டால் காயிலில் எவ்வளவு பொறி வந்தாலும் ஒரு பிளக்குக்கும் போய்ச் சேராது.

அந்தப் பழக்கத்தை அவர் கடைசி வரை விடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வந்தபோதுகூட ராமேஸ்வரம் கிளம்புகிறோம் என்று அதைக் கழற்றியதைக் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும் கழற்றியிருப்பார்.

காயில் வாங்கக் கடைக்குப் போகாதே. மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு உள்ளே பார். நடுத்தண்டு மொட்டையாக நின்றால், பீரோவில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இன்னும் இருக்கிறதல்லவா, முதலில் அதைத் திற. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கு ஒரு போன் போடு.

என்றும் உன்,
பின்னால் நின்று தள்ளியவன்