மகாமகத்துக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2028 மாசியில் மகாமகம். கும்பகோணத்தில் இப்போதே அந்தப் பேச்சுதான், டீக்கடையில் நின்றாலும் சரி, கோவில் பிரகாரத்தில் உட்கார்ந்தாலும் சரி. எந்த ரோடு அகலமாகும், வெளியூர் பஸ்கள் எங்கே நிற்கும், கார்களுக்கு எந்தத் திடலைக் கொடுப்பார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டி நிற்பதைப் பற்றிப் பேசுகிற யாரும், வண்டியிலிருந்து இறங்கிய ஜனங்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்று பேசக் காணோம். எங்கள் ஊரின் பிழைப்பே அந்த நடையில்தான் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மகாமகத்துக்கு வந்து குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்புவது முறை இல்லை. முதலில் மகாமகக் குளம், அடுத்து சாரங்கபாணி கோவிலின் பொற்றாமரைக் குளம், கடைசியில் காவிரி, இந்த மூன்றிலும் நீராட வேண்டும் என்றுதான் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு சிவன் கோவில் சுவாமிகள் மகாமகக் குளக்கரைக்கு எழுந்தருள்வார்கள். ஐந்து பெருமாள் கோவில்களுக்குத் தீர்த்தவாரி காவிரியில், சக்கரப் படித்துறையில். ஆக, வருகிறவர் சைவரோ வைணவரோ, ஊரின் தென்கிழக்கில் தொடங்கி நடு ஊரைத் தாண்டி வடக்கே ஆற்றங்கரை வரைக்கும் ஈர வேட்டியோடு, ஈரச் சேலையோடு நடந்தாக வேண்டும். வழி நெடுக கடைத்தெரு. பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, வெற்றிலை பாக்குக் கடை, பூக்கடை, காபி ஓட்டல். நின்று நிதானமாகப் போனாலும் முக்கால் மணி நேரத்தில் முடிகிற நடைதான். அந்த முக்கால் மணி நேரத்தை நம்பித்தான் இங்கே எத்தனையோ வீட்டில் உலை வைக்கிறார்கள்.

மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மற்ற நாளில் என்ன நடக்கிறது என்று ஒரு காட்சி சொல்கிறேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடை வாசலில், பாத்திரத்தில் பேர் வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் மெஷின் பேனாவுக்கு மாறிவிட்டார்கள், இவர் இன்னும் சின்ன உளியும் சுத்தியலும்தான். சொம்பை மடியில் கவிழ்த்து வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தைக் கொண்டு வருவார். கோணல் என்பதே இருக்காது. அன்று ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்து, உள்ளே ஈயம் பூசியதுதானே என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, "பேத்தி பேரு போட்டுக் குடுத்துருங்க, கல்யாணத்துக்கு இப்பவே ஒண்ணொண்ணா சேத்தறனுங்க" என்றார். பெரியவர் பேத்தியின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எழுத்துச் சரியா என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் வேன் ஹாரன். டிரைவர் ஓடி வந்தார். "அம்மா, நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுரும், திருநாகேஸ்வரத்துல பாலாபிஷேகம் பாக்கணும்ல, ஏறுங்க ஏறுங்க." அந்த அம்மாவுக்கு மனசே இல்லை. "அப்புறமா வர்றனுங்க" என்று சொம்பை வைத்துவிட்டு ஓடினார். அவர் அப்புறம் எங்கே வரப் போகிறார்? துண்டுச் சீட்டு பெரியவரின் தகர டப்பாவுக்கு அடியிலேயே கிடந்தது.

நான் டிரைவரைக் குறை சொல்லவில்லை. நவக்கிரகக் கோவில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க வைப்பது லேசான வேலை இல்லை. திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், சூரியனார் கோவில், திருநள்ளாறு என்று திசைக்கு ஒன்றாக இருக்கின்றன. நவக்கிரக யாத்திரையால் எங்கள் ஊர் லாட்ஜுகளுக்கும் வேன்காரர்களுக்கும் நல்ல வருமானம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் வருத்தமெல்லாம், இங்கே ராத்திரி படுத்து எழுந்து போகிறவர்கள் இந்த ஊரையே பார்க்காமல் போகிறார்கள் என்பதில்தான். விடியுமுன்னே வேன் கிளம்பிவிடுகிறது, திரும்பி வரும்போது கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறார். ஆழ்வார் 'ஆராவமுதே' என்று உருகிப் பாடிய சாரங்கபாணிப் பெருமாள் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார், அவரைக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் அடிபடுவது கடைக்காரர் மட்டும் இல்லை. பெரிய கடைத்தெருவில் ஒரு குத்துவிளக்கு விற்றால் அதன் பின்னால் நாச்சியார்கோவிலில் ஒரு பட்டறை ஓடுகிறது. அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுப் பூட்டுகிறார்கள். ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைவார், ஒருவர் மெருகு போடுவார். சுவாமிமலை ஸ்தபதிகள் வேலை இன்னும் பொறுமையானது. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து சிலையை முதலில் மெழுகிலேயே செய்து, அதன்மேல் அதே வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை, அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. திருபுவனம் பட்டுக்கும் கிடைத்தது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் கொடுத்தார்கள், அன்றைக்கு வெற்றிலைக் கொடி வளர்க்கிற கொடிக்கால்காரர்கள் வீட்டில் எவ்வளவு சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆனால் சான்றிதழ் வந்துவிட்டால் மட்டும் வெற்றிலைக் கட்டு, அதாவது கவுளி, விலை ஏறிவிடாது. இந்த இளந்தளிர் வெற்றிலையை வாயில் போட்டுப் பார்த்தவன்தான் அடுத்த தடவை இதையே கேட்டு வாங்குவான், அதற்கு அவன் கடை வாசலில் ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டுமே.

கோவிலும் கடையும் வேறு வேறு என்று நினைக்கிறவர்கள் கும்பேஸ்வரன் கோவிலுக்கு ஒருமுறை வாருங்கள். சன்னதிக்குப் போகிற நீண்ட மண்டபத்திலேயே இரண்டு பக்கமும் கடைகள்தான். குங்குமம், வளையல், சாமி படம், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று பார்த்துக்கொண்டேதான் உள்ளே போவோம். சின்ன வயசில் என் பாட்டி அந்த மண்டபத்தில் வளையல் வாங்கிக் கொடுத்த பிறகுதான் என் தங்கை சாமி கும்பிடவே உள்ளே வருவாள். 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று ஆரம்பித்து இன்றைக்கு சிட்டி யூனியன் பேங்க் ஆகியிருக்கும் வங்கி பிறந்ததும் இந்தக் கடைத்தெரு ஊரில்தான், தலைமை அலுவலகமும் இங்கேதான். 1854-ல் வந்த அரசு கல்லூரி, அதில் படித்த கணித மேதை ராமானுஜம் குடியிருந்த சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு, 1899-ல் ஏற்பட்ட மறைமாவட்டம், தாராசுரத்து சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுத் தறிச் சத்தம், எல்லாமே இதே ஊர்தான். ராமானுஜம் வீடு நான் சொன்ன அந்த நடைவழியை ஒட்டியே இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மாசி மகம் அதற்கு அப்புறம்தான் வரும். கங்கை முதலான ஒன்பது நதிகளும் அன்றைக்கு மகாமகக் குளத்துக்கு வந்து நீராடும் என்பது நம் நம்பிக்கை. ஆனால் நம் காவிரி அந்த மாசத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். குளத்தில் தண்ணீர் நிரப்பிச் சுத்தமாக வைக்கப் பாடுபடுகிற அளவுக்கு, சக்கரப் படித்துறையில் முழங்கால் அளவாவது ஓடுகிற தண்ணீர் இருக்க இப்போதே கணக்குப் போட வேண்டும். காவிரியில் தண்ணீர் இல்லை என்றால் ஜனங்கள் குளத்தோடு முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள், நடு ஊருக்கு வரவே மாட்டார்கள். மூன்றாவது நீராடல் போனால் நடையும் போச்சு.

கூட்டத்தை நினைத்துப் பயப்படுவதும் நியாயம்தான். 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை, எங்கள் தெருவில் இன்றைக்கும் அதைப் பேசினால் பெண்கள் கண் கலங்குவார்கள். அதனாலேயே சொல்கிறேன், எல்லோரையும் ஒரே குளத்துக்குள் ஒரே நேரத்தில் தள்ளுவதுதான் ஆபத்து. குளித்தவர்கள் அங்கேயே தேங்காமல் பொற்றாமரை, காவிரி என்று நகர்ந்துகொண்டே இருந்தால் நெரிசல் தானே குறையும். கொடியேற்றம் ஆனதிலிருந்து பத்து நாளும் நீராடலாம் என்று இப்போதிருந்தே எல்லா ஊர்க்காரர்களுக்கும் சொல்லுங்கள். அந்த ஒரு நாள், அந்த ஒரு நேரம் என்று எல்லோரும் வந்து மோத வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. மகாமகக் குளத்திலிருந்து பொற்றாமரை வழியாகச் சக்கரப் படித்துறை வரைக்கும் ஒரே நடைபாதை, வெறுங்காலோடு நடந்தாலும் குத்தாத மாதிரி. காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம் அதில் வண்டி வரக் கூடாது. மாசி வெயில் லேசுப்பட்டதில்லை, பந்தலோ மரமோ ஏதாவது நிழல் வேண்டும். வயசானவர்கள் உட்காரத் திண்ணை, குடிக்கத் தண்ணீர், பெண்கள் ஈரத் துணி மாற்ற மறைவான இடம், சுத்தமான கழிப்பறை. கழிப்பறை விஷயத்தை இன்னொரு தடவை சொல்கிறேன், அது இல்லாததால் பெண்கள் ஒரு இடத்தில் அரை மணி நேரம் கூட நிற்க முடியாமல் வண்டிக்கு ஓடுகிறார்கள். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து நிறைய பேர் வருவதால் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழிகாட்டிப் பலகை வையுங்கள். அப்புறம், அந்தப் பாதையிலேயே விளக்குப் பட்டறைக்காரருக்கும் ஸ்தபதிக்கும் கொடிக்கால்காரருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அவர்கள் வேலை செய்வதை ஜனங்கள் நின்று பார்க்கும்படி செய்யுங்கள். தேர்ந்த கைக்காரர் பேர் வெட்டுவதைப் பார்த்தால் சொம்பு வாங்க நினைக்காதவர்கூட வாங்குவார்.

இதெல்லாம் மகாமகம் முடிந்ததும் பிரித்துப் போடுகிற பந்தல் வேலையாக இல்லாமல், வருஷா வருஷம் மாசி மகத்துக்கும், சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கும் இருக்கிற மாதிரி செய்தால் அதன் பலன் கடைத்தெருவோடு நிற்காது, சுத்துப்பட்டு ஊர்ப் பட்டறைகள் வரைக்கும் போகும்.

உங்கள் நிருபர் ஒருவரை ஒரு நாள் விடியற்காலையில் அனுப்புங்கள். குளத்தின் வடகரையில், காசி விஸ்வநாதர் கோவில் வாசலில் நான் காத்திருக்கிறேன். அங்கிருந்து சக்கரப் படித்துறை வரைக்கும் சேர்ந்தே நடப்போம். எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே வண்டியை நிறுத்தி வழியை அடைத்திருக்கிறார்கள், எங்கே நிழல் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். நடுவில் பேர் வெட்டுகிற பெரியவரையும் பார்க்கலாம், ஒன்பது மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்