‘போகாதேங்கோ’ என்று சொல்வதற்கு முன்

கனடாவிலுள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் முதியோர் மன்றங்களுக்கும், சனி ஞாயிறுகளில் மண்டபங்களில் உட்கார்ந்து குடியுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஐயாமார், அக்காமார், தம்பிமாருக்கும்,

வணக்கம்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களிடம் ‘நாட்டை விட்டுப் போகாதேங்கோ’ என்று நீங்கள் சொல்வதைப் பற்றி எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் இங்கே வந்து இறங்கியபோது வங்கிக் கணக்கு திறந்ததிலிருந்து மகளைப் பள்ளியில் சேர்த்ததுவரை உங்களைப் போன்றவர்கள்தான் கூட வந்தார்கள். ஒரு சதமும் வாங்காமல், சொந்த நேரத்தைச் செலவழித்து வந்தார்கள். அதனால்தான் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு எங்களிடம் அவ்வளவு மதிப்பு. அரசாங்கத்தின் இணையதளத்தில் இருப்பதைவிட நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் நம்புகிறோம்.

கணவர் அழைத்து 2018இல் நிரந்தர வதிவாளராக வந்தவள் நான். 2022 ஒக்ரோபரில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அடுத்த பெப்ரவரியில் வவுனியாவில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. மூன்று நான்கு மாதம் போய்ப் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்து, படிவம் நிரப்பித் தந்த ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். “பிள்ளை, சிட்டிசனுக்குப் போட்டாப் பிறகு நாட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது. ஃபைலை மூடிப்போடுவாங்கள். சத்தியப்பிரமாணம் முடியட்டும், பிறகு போங்கோ” என்றார். அன்போடுதான் சொன்னார். வேறு இரண்டு பேரிடமும் கேட்டேன். அவர்களும் அதையே சொன்னார்கள்.

அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் “எப்ப வாறாய்?” என்று கேட்பார். “பேப்பர் வந்த உடனே அம்மா” என்பேன். ஓகஸ்டில் இரண்டாம் தடவை வந்தது. அதற்குப் பிறகுதான் விதியை நானே தேடிப் படித்தேன். ஒரு மாலைப் பொழுது போதுமாக இருந்தது. செப்டம்பரில் போனேன், நான்கு மாதம் அம்மாவோடு இருந்தேன். ஆனால் அப்போது அம்மாவுக்குப் பேச்சு இல்லை. பேச்சு இருந்த ஆறு மாதங்களையும், யாரும் போடாத ஒரு தடைக்குப் பயந்து ஸ்காபரோவில் கழித்துவிட்டேன். என் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 மே மாதம் சத்தியப்பிரமாணம் செய்தேன்.

சரி, விதி என்னதான் சொல்கிறது? படிவத்தில் கையெழுத்து வைக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். எண்ணிக்கை அந்தத் தேதியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் இங்கே இருந்தாலும் அந்த 1,095 கூடப்போவதில்லை, வெளியே இருந்தாலும் குறையப்போவதில்லை. சத்தியப்பிரமாணம் வரை காக்க வேண்டியது நிரந்தர வதிவிடத்தை. அதற்கான கணக்கு ஐந்து ஆண்டில் 730 நாள். 1,095 நாளையும் நிரந்தர வதிவாளராகவே இங்கு கழித்த ஒருவர், கையெழுத்திட்ட மறுநாளே கிளம்பி ஒரு முழு ஆண்டு வெளியே இருந்தால்கூட 730க்குக் கீழே போகமாட்டார். கழித்துப் பாருங்கள். மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த நாள்களை அரை நாளாகச் சேர்த்துக் கணக்கு நிரப்பியவர்கள் மட்டும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த அரை நாள்கள் 730இல் சேராது.

உங்கள் அறிவுரை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது எனக்குக் கோபம் குறைந்தது. 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், குடியுரிமை கிடைத்த பிறகும் கனடாவில்தான் வசிக்கும் எண்ணம் இருக்கிறது என்று விண்ணப்பிப்பவர் சொல்ல வேண்டியிருந்தது. அதே சட்டம் ஆறு ஆண்டில் 1,460 நாள் என்றும், நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 183 நாளாவது என்றும் கேட்டது. அந்தக் காலத்தில் விண்ணப்பம் போட்டவர்கள் விமான ரிக்கெட் எடுக்கவே பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ‘எண்ணம்’ என்ற நிபந்தனை 2017 ஜூனில் நீக்கப்பட்டது. நாள் கணக்கும் அதே ஆண்டு ஒக்ரோபரில் இன்றைய அளவுக்கு வந்துவிட்டது. சட்டம் மாறிவிட்டது. மண்டபத்தில் சொல்லப்படும் அறிவுரை மட்டும் அங்கேயே நிற்கிறது.

‘போகாதே’ என்பதற்குப் பதிலாக, எதைச் சரிபார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அதில் சொல்ல நிறைய இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்தது என்ற அத்தாட்சி வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். குறை இருக்கிறது என்று படிவம் திரும்பி வந்தால் புதிய தேதியில் கையெழுத்து வைக்க வேண்டி வரலாம். அப்போது வெளியே இருந்த நாள்கள் கணக்குக்குள் வந்து நிற்கும். பி.ஆர். அட்டையை, அதாவது நிரந்தர வதிவாளர் அட்டையை எடுத்து, திரும்பி வரும் நாளைத் தாண்டியும் அது செல்லுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்டை காலாவதியானால் வதிவிடம் போய்விடாது, ஆனால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெளியே இருந்துகொண்டு பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நேரும். ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காப்புறுதியும் உண்டு. அது நிலைக்க, எந்தப் 12 மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும்.

மின்னஞ்சலைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். நம்மவர்களின் விண்ணப்பங்களில் மகனுடைய மின்னஞ்சலோ, உதவி செய்தவருடைய மின்னஞ்சலோதான் பெரும்பாலும் இருக்கிறது. பரீட்சைக்கு, நேர்முகத்துக்கு, கைரேகைக்கு அழைப்பு வந்து, காரணம் சொல்லாமல் பதிலும் போடாமல் இருந்தால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருத குடிவரவு அமைச்சுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. ஃபைல் மூடப்படுவது இப்படித்தான். பயணம் போனதற்காக அல்ல, பதில் போடாததற்காக. தேவையற்ற அஞ்சல்கள் போய் விழும் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வர முடியாத தேதி என்றால் உடனே எழுதி வேறு தேதி கேட்க வேண்டும். நான் வவுனியாவில் இருந்தபோது காலையில் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை பார்ப்பேன்.

சத்தியப்பிரமாணத்தை கணினித் திரை வழியாகச் செய்தாலும் அந்த நேரம் கனடாவுக்குள் இருக்க வேண்டும். அது முடிந்த மறுநாளே பறக்கலாம் என்றும் யாருக்கும் சொல்லாதீர்கள். பி.ஆர். அட்டை அன்றோடு போய்விடும், கனேடியக் கடவுச்சீட்டு கைக்கு வர நாளாகும். இதை எண்ணிப் பார்க்காமல் ‘முடியட்டும், பிறகு போங்கோ’ என்று சொன்னால், அவசரத்துக்குப் போக வேண்டியவர் இரண்டு தடவை காத்திருக்கிறார்.

இதுவரை எழுதியது என்னைப் போல வந்தவர்களுக்கு. இனி எழுதுவதை வாசிக்காமல் யாருக்கும் ‘போகலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

அகதியாக ஏற்கப்பட்டு அதன் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்குச் சட்டம் வேறு. எந்த நாட்டுக்குப் பயந்து வந்தார்களோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்தாலோ புதுப்பித்தாலோ, அதில் பயணம் செய்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடியும் தாமாகவே ஏற்றுக்கொண்டதாக அரசு வாதிடலாம். குடிவரவு அகதிகள் சபையிடம் போய், இவருக்கு அகதிப் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கேட்கலாம். 2012 டிசம்பருக்கு முன்னால் இதனால் நிரந்தர வதிவிடம் போகாது. அன்றிலிருந்து அதுவும் சேர்ந்தே போகிறது. பத்து ஆண்டு வரி கட்டியவராக இருந்தாலும், பிள்ளைகள் இங்கேயே பிறந்திருந்தாலும் போகும். வழக்கு நடக்கும்போது குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. சபை எதிராகத் தீர்த்தால் வழக்கமான மேல்முறையீடு கிடையாது, கூட்டாட்சி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மறுஆய்வுக்குப் போவதுதான் வழி.

இலங்கைக்குப் போனால்தான் பிரச்சினை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனாலும் கேள்வி எழும். அகதிகளுக்குக் கனடா கொடுக்கும் பயண ஆவணம் இருக்கிறது. அதில் மற்ற நாடுகளுக்குப் போகலாம், விட்டு வந்த நாட்டுக்குப் போக முடியாது. 2022இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளில் அந்த ஆளுக்கு விளைவு தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், அங்கே ஒளிந்து வாழ்ந்தாரா, அவர் பயந்தது அரசுக்கா வேறு யாருக்காவதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னது. தாயின் நோய்க்காகப் போனவருக்கு அது ஓரளவு துணை. ஆனால் அது வழக்கில் சிக்கிய பிறகு சொல்லும் வாதம். அதை நம்பி யாரையும் விமானம் ஏற்றாதீர்கள். குடியுரிமை கையில் வந்துவிட்டால் இந்த விதி அவரைத் தொடாது. அதனால் அவர்களுக்குத்தான் ‘சத்தியப்பிரமாணம் முடியட்டும்’ என்பது சரியான அறிவுரை. பொறுக்க முடியாத நிலை என்றால் ரிக்கெட் எடுக்குமுன் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

என்னை வருத்துவது இதுதான். ஒரே பதிலை இரண்டு பேருக்கும் சொல்கிறோம். எனக்கு ‘போகாதே’ என்றார்கள், ஒரு ஆபத்தும் இல்லாதவளுக்கு. அதே மண்டபத்தில், அகதியாக வந்த ஒருவருக்கு “பி.ஆர். இருக்குத்தானே, பயமில்லாமல் போயிட்டு வாங்கோ” என்று சொல்லப்பட்டதையும் என் காதால் கேட்டிருக்கிறேன். இரண்டுமே அன்பான வார்த்தைகள். இரண்டுமே மாறி விழுந்தவை.

இன்னொன்று. ‘போனதைச் சொல்ல வேண்டாம், முத்திரை இல்லாவிட்டால் தெரியாது’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 2020 முதல் விமானத்தில் வெளியேறுவோரின் விவரமும் எல்லைச் சேவைகள் முகமைக்குப் போகிறது. என்னைப் போல வந்தவர் உண்மையைச் சொன்னால் அந்தப் பயணத்தால் ஒன்றும் ஆகாது. மறைத்து வாங்கிய குடியுரிமையோ பின்னாளில்கூடப் பறிக்கப்படலாம்.

கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லச் சட்டத்தரணி, உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் காசு வாங்குவதில்லை. ஆனால் காசு வாங்குபவர் சொல்வதைவிட உங்கள் சொல்தான் எங்கள் வீடுகளில் செல்கிறது. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த சனிக்கிழமை யாராவது வந்து “நான் போகலாமா?” என்று கேட்டால், பதில் சொல்லுமுன் “நீங்கள் கனடாவுக்கு எந்த வழியில் வந்தீர்கள்?” என்று கேளுங்கள். மற்றவர்கள் காதில் விழாமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சிலர் அதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அகதியாக வந்தவரென்றால் சட்டத்தரணியின் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் அட்டையின் தேதியையும் மின்னஞ்சலையும் பார்த்துவிட்டு அனுப்பி வையுங்கள்.

இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டேன். அச்சடிக்கும் செலவு என்னுடையது. உங்கள் மேசையில் வைக்க இடம் தந்தால் போதும். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, வந்து கூட உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருத்தி