சென்டர் பின் அசைய மாட்டேங்குது, சேகர்

டேய் சேகர்,

நீ திட்டி அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூணு தடவை கேட்டேன். திட்டுனதெல்லாம் நியாயம்தான். புவனா கல்யாணத்துக்கு வரல, வராததுக்கு ஒரு போனும் பண்ணல, நாலு மாசம் கழிச்சு மெயில் எழுதுறேன். முட்டி ஆபரேஷன் ஒரு காரணம், வெக்கம் இன்னொரு காரணம், ரெண்டாவதுதான் பெருசு. கல்யாண போட்டோல உன் வேட்டியப் பாத்தேன், இன்னும் அதே இடத்துல பெல்ட்டு. மாறவே மாட்டடா நீ.

இங்க இங்கிலாந்துல மீனா சௌக்கியம். பையன் லண்டன்ல, மாசம் ஒரு தடவை போன். மழை. அவ்வளவுதான் வீட்டு நியூஸ்.

இப்ப விஷயத்துக்கு வரேன், ஏன்னா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்கறதுக்கு முன்னாடி முழுசா சொல்லணும், நடுவுல கொட்டாவி விட்டா உதைப்பேன். ரிட்டயர்டு ஆனதுலேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பழைய ரயில் லைனுக்கு வாலன்டியரா போறேன்ல, பேரு வேணாம், ஏன்னு பின்னாடி புரியும். அங்க ஒரு டர்ன்டேபிள் வந்திருக்கு, அதான், இன்ஜினை மேல ஏத்தித் திசை திருப்பறதுக்கு வட்டக் குழிக்குள்ள சுத்தற இரும்புப் பாலம். வந்திருக்குன்னா ரெண்டு வருஷமா புல்லுக்குள்ள படுத்துக் கிடக்கு. 50 அடி நீளம், ரிவெட் அடிச்ச இரும்பு உத்திரம், கர்டர்னு சொல்வோமே, ஏதோ ஒரு பழைய ஷெட்ட இடிக்கும்போது காயலான் கடைக்குப் போக இருந்ததைப் பிடிச்சு லாரில ஏத்திக் கொண்டாந்துட்டாங்க. முதல் நாள் நான் பண்ணின வேலை என்னன்னா அதைச் சுத்தி வளந்த காஞ்சொறிய வெட்டினது. கை ரெண்டு நாள் எரிஞ்சுது.

நீ சிரிப்ப, இந்த வயசுல இவனுக்கு என்னடா டர்ன்டேபிள்னு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கையால தள்ளிப் பாக்கற வரைக்கும். போன கோடையில பக்கத்து லைன் ஒண்ணுல ஆள் பத்தலைன்னு கூப்பிட்டாங்க. பிளாக் ஃபைவ்னு ஒரு ஜாதி ஸ்டீம் இன்ஜின், பின்னாடி கரியும் தண்ணியும் வெச்சிருக்கற டெண்டரோட சேத்து 120 டன்னுக்கு மேல. டிரைவர் மெதுவா ஏத்தி, கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி, ஒரு சாண், அரை சாண்னு நகத்தி நகத்தி நிறுத்தினாரு. மொத்த பாரமும் நடுவுல இருக்கற அந்த ஒத்தை பின் மேல உக்காரணும், ஓரத்துச் சக்கரம் ரெண்டும் வட்டத் தண்டவாளத்தை சும்மா தொட்டும் தொடாம இருக்கணும். டெண்டர்ல தண்ணி ரொம்ப இருந்தா ஒரு மாதிரி நிக்கும், தீந்து போயிருந்தா வேற மாதிரி நிக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கறாரு மனுஷன். பேலன்ஸ் உக்காந்ததும் என்னையும் இன்னொரு கெழவரையும் காட்டி "தள்ளுங்க"ன்னாங்க. ஆபரேஷன் பண்ணின முட்டியோட தள்றேன், நகருதுடா. ராமலிங்க விலாஸ் மாவு ஆட்டுக்கல்லை நாம ரெண்டு பேரும் ஆட்டுனோமே, அதை விட லேசு. சத்தமே இல்லை. 120 டன்னு சத்தமே இல்லாம திரும்புது.

அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்.

எதுக்குத் திருப்பணும், ரிவர்ஸ்ல ஓட்டினா போச்சுன்னு எங்க ஆளுங்கள்லயே பாதி பேர் கேக்கறாங்க. உனக்குத் தெரியும், டெண்டரை முன்னாடி வெச்சு ஓட்டினா கரித்தூள் மொத்தமும் டிரைவர் கண்ணுலதான், முன்னாடி பாதையும் சரியாத் தெரியாது. அப்புறம் வளைவு நிறைய இருக்கற லைன்ல இன்ஜின் எப்பவும் ஒரே பக்கம் பாத்து நின்னா சக்கரத்து விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேயும். திருப்பி விட்டா ரெண்டு பக்கமும் ஒழுங்காத் தேயும்.

இந்த இடமாத்தற வேலைய இங்க நிறைய பேர் பண்ணியிருக்காங்க. ஸ்காட்லாந்துல கைல் ஆஃப் லோகால்ஷ்ங்கற கடற்கரை ஊர்ல இருந்தது இப்ப ஏவிமோர்ல சுத்துது. சவுத்தாம்ப்டன் துறைமுகத்துல இருந்தது டிட்காட்ல. வேல்ஸ்ல புத்தெலின்னு ஒரு ஊர், அங்கேர்ந்து எடுத்ததை நீட்டி 65 அடி ஆக்கி மைன்ஹெட்ல போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துல கீத்லி ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்கு. எழுத்தைப் பாத்தா கெய்லின்னுதான் படிப்போம், இவங்க கீத்லிங்கறாங்க, திருச்சிராப்பள்ளிய டிரிச்சினாபோலின்னு எழுதின பரம்பரைதானே. அந்தக் கீத்லி டர்ன்டேபிள் வந்த கதை இருக்கே, அதுக்காகவே உனக்கு எழுதணும்னு நினைச்சிட்டிருந்தேன்.

அது முன்னாடி இருந்த இடம் கார்ஸ்டேல், செட்டில் கார்லைல் லைன்ல மலை மேல ஒரு ஸ்டேஷன். மரம் மட்டை இல்லாத பொட்டல், காத்துன்னா அப்படி ஒரு காத்து. 1900 வாக்குல ஒரு இன்ஜினை ஏத்தித் திருப்பிக்கிட்டு இருக்கும்போது காத்து பிடிச்சுக்கிச்சாம். நிறுத்த முடியல, இன்ஜினோட சுத்திக்கிட்டே இருந்திருக்கு, மணிக்கணக்கா. கடைசில யாரோ குழிக்குள்ள மண்ண வாரிப் போட்டுத்தான் நின்னுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் பழைய ஸ்லீப்பர் கட்டைய நட்டு சுத்தி வேலி கட்டிட்டாங்க. நம்ம சொட்டை ரவி வைகுண்ட ஏகாதசிக்கு குடைராட்டினத்துல மாட்டினது ஞாபகம் வருதா? அதேதான், ரவிக்குப் பதிலா இன்ஜின்.

இதே லைனை 80கள்ல மூடப் பாத்தாங்க. எதிர்த்து கையெழுத்து வாங்கினப்ப ரஸ்வார்ப்னு ஒரு நாயோட கால் ரேகையும் வெச்சிருக்காங்க, டிக்கெட் எடுத்துப் போற நாய்ங்கறதால அதையும் ஒத்துக்கிட்டாங்களாம். 1989ல லைன் பிழைச்சுது. ஸ்டேஷன்ல அந்த நாய்க்கு சிலை இருக்குடா. உங்க மணியோட போட்டோ எடுத்து அனுப்பு, பக்கத்துல வெச்சுப் பாக்கறேன்.

ஆனா அந்த இடத்துக்கு இன்னொரு கதையும் இருக்கு, அது சிரிக்கற கதை இல்ல. அப்ப அதுக்குப் பேரு ஹாஸ் ஜங்ஷன். அந்த ரயில் கம்பெனி சின்ன இன்ஜின்தான் வெச்சிருப்பாங்க, அதனால கனமான வண்டிக்கெல்லாம் மலை ஏற இன்னொரு இன்ஜினை முன்னாடி மாட்டி, உச்சியில கழட்டி விட்டு, அது தனியா ஹாஸ் ஜங்ஷன் வந்து டர்ன்டேபிள்ல திரும்பி வீட்டுக்குப் போகணும். 1910 டிசம்பர் 24, விடியக்காலை, இருட்டு, மழை. கிறிஸ்துமஸ் கூட்டம். அப்படித் திரும்பின ரெண்டு இன்ஜினைக் கோத்து, கார்லைல் பக்கம் போக சிக்னல்கிட்ட நிறுத்தி வெச்ச சிக்னல் கேபின்காரர், வேலை நெரிசல்ல அதுங்களை மறந்தே போயிட்டாரு. இருபது நிமிஷத்துக்கு மேல நிக்குதுங்க. அவ்வளவு நேரம் நின்னா ஃபயர்மேன் இறங்கிப் போய் கேபின்ல ஞாபகப்படுத்தணும்னு ரூல், யாரும் போகல. பின்னாடி லண்டன்லேர்ந்து கிளாஸ்கோ போற எக்ஸ்பிரஸ் வருது, அதுக்குப் போலாம்னு சிக்னல் இறக்கறாரு, இந்த ரெண்டு இன்ஜின்காரனுங்களும் நமக்குத்தான்னு நினைச்சுக் கிளம்பறாங்க. எக்ஸ்பிரஸ் பின்னாடியே வந்து மோதிருச்சு. பெட்டியில கேஸ் விளக்கு, தீ. 12 பேர் போயிட்டாங்க. கேபின்காரர் சொன்னாராம், ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லு, ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸ்ஸ நான் கவுத்துட்டேன்னு.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலடா. உங்க அப்பா ஞாபகம்தான். கேபின்ல ஒவ்வொரு தடவையும் லீவர்ல அந்த இரும்பு காலரை மாட்டுவாரே, வண்டி நிக்குது மறந்துடாதன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டே. நாம அதுல ஒண்ணைத் தூக்கிட்டு வந்து வளையம் எறிஞ்சு விளையாடினதுக்கு அவர் அடிச்ச அடி, அன்னைக்கு அநியாயம்னு நினைச்சேன். நீ அவர் கடைசி நாள்ல போன் பண்ணினப்ப நான் எடுக்கல. அதையும் இத்தனை நாளா சொல்லல. சொல்லிட்டேன்.

சரி, எங்க தலைவலிக்கு வரேன். டர்ன்டேபிளை நகத்தறதுன்னா கர்டரைத்தான் நகத்த முடியும், குழிய நகத்த முடியாதுல்ல. குழிய புதுசா வெட்டணும். நடுவுல மொத்த பாரத்தையும் தாங்கற கான்கிரீட் அஸ்திவாரம், சுத்துச் சுவர், வட்டமா வளைச்ச தண்டவாளம், எல்லாத்துக்கும் மேல தண்ணி வெளியே போக வழி. யார்க்‌ஷயர் மழைக்கு வடிகால் இல்லாத குழி வெட்டினா தெப்பக்குளம்தான், வருஷா வருஷம் உற்சவம் நடத்தலாம். போன மாசம் கமிட்டி மீட்டிங். ஒரு கட்சி சொல்லுது இந்தக் கர்டரை இரும்பு விலைக்குப் போட்டுட்டு பாய்லர் வேலையப் பாப்போம்னு. பாய்லருக்கு இங்க பத்து வருஷத்துக்கு ஒருக்கா மொத்தமா பிரிச்சு மேயணும், எங்க இன்ஜினுக்கு அடுத்த வருஷம் முடியுது, அதனால அவங்க சொல்றதும் தப்பில்ல, அதான் கடுப்பு. இன்னொருத்தர், 50 அடி போதாது, பெரிய இன்ஜின் விருந்தாளியா வந்தா எங்க நிறுத்துவங்கறாரு. மைன்ஹெட்ல நீட்டுனாங்களேன்னு நான் கேட்டா, "அவங்ககிட்ட காசு இருக்கு"ன்னு ஒரே வரில வாயடைச்சிட்டாரு. கத்தல். நடுவுல டீ பிரேக், பிஸ்கட் எடுத்துக்கிட்டு மறுபடி கத்தல். நம்ம யூனியன் ஆபீஸ் தோத்துச்சு போ.

கடைசில எனக்கு மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. சென்டர் பின் கழண்டு, பேரிங் நல்லா இருக்குன்னு காட்டினா வெச்சுக்கலாம், இல்லைன்னா காயலான் கடை.

அந்தப் பின்தான் அசைய மாட்டேங்குது. மேல வார்ப்பு மூடி, தொப்பி மாதிரி, அதுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு, பழைய கிரீஸ் பழம்புளி மாதிரி கட்டியாகி துருவோட ஒட்டிக்கிச்சு. ஸ்ப்ரே அடிச்சோம், ரெண்டு வாரம் டீசல் ஊத்தி ஊற வெச்சோம், ஜாக்கி குடுத்தோம், ஜாக்கிதான் நெளிஞ்சுது. ஒரு பையன் டார்ச் வெச்சு சூடு காட்டலாம்ங்கறான், வார்ப்பு விரிசல் விட்டுட்டா வேற எங்க போறது? கம்பெனிப் பலகைல கோவன்ஸ் ஷெல்டன், கார்லைல்னு இருக்கு. தடம் புரண்ட வண்டியத் தூக்கற நம்ம பிரேக்டவுன் க்ரேன்ல பித்தளைல இருந்துச்சே அதே பேரு, அதைப் பாத்ததும் என்னமோ சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

பொன்மலை ரயில்வே பட்டறைல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நீ. ஊட்டிக்கு புதுசா ஸ்டீம் இன்ஜினே கட்டினீங்கன்னு இங்க சொன்னா மியூசியம் கதை கேக்கற மாதிரி கேக்கறானுங்க. அதனால சொல்லு: இப்படி இறுகிப் போன பின்னை நீங்க எப்படிக் கழட்டுவீங்க? மண்ணெண்ணெய்ல எதையோ கலப்பீங்களே, என்னது? சூடு காட்டலாமா கூடாதா, காட்டினா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? போட்டோ பன்னெண்டு அனுப்பியிருக்கேன், மூணாவதுல என் விரல் மறைக்குது, மன்னிச்சுக்கோ. உனக்குத் தெரியலைன்னா கணபதி அண்ணனைக் கேளு, அவர் என்மேல இன்னும் கோவமா இருந்தா என் பேரைச் சொல்லாதே.

புவனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பார்சல் ஒண்ணு போட்டிருக்கேன், கஸ்டம்ஸ்ல மாட்டலைன்னா பதினஞ்சு நாள்ல வரும். தங்கச்சிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. வாய்ஸ் மெசேஜ் வேணாம், படம் போட்டு எழுது, சனிக்கிழமைக்குள்ள வேணும்.

உன்
பாலு