கோடரி வேண்டாம், துடைப்பம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் தோட்டப் பகுதியில், ‘தெருவில் பாதாம் மரம் நின்றால் கொய்யாவில் புழு போகாது, வெட்டிவிடுவதே வழி’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டிலிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதும், மர அதிகாரியின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்பதும் தங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அந்தப் பாதாமில், அதாவது நாட்டு வாதுமையில், பழ ஈ பெருகும், மறுக்கவில்லை. மாம்பழம் ஓய்ந்த பிறகும் அந்த ஈக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் மரத்தை வெட்டினால் ஈ பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்குப் போகும், அவ்வளவே. பார்க்க வேண்டியது மரத்தடியை. விழுந்த பழத்தைப் பிளந்தால் கொட்டையை ஒட்டிய சதையில் வெள்ளைப் புழுக்கள் நெளியும். முற்றியவை வில்லாய் வளைந்து துள்ளும். அவை மண்ணில் ஓரிரு அங்குலம் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பத்து நாள் போல் கழித்து ஈயாகக் கிளம்பும். கிளையில் மருந்தடித்தால் பழத்துக்குள் இருக்கும் புழுவுக்கும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுக்கும் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

வாரம் இரண்டு முறை விழுந்த பழத்தைப் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குழி தோண்ட இடமில்லையா, தடித்த கறுப்புப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் நல்ல வெயிலில் போடலாம். அல்சூர்ப் பக்கம் நடப்பதுபோல் கூட்டி வேரடியிலேயே குவித்தால், ஈப்பண்ணை வைத்தது போலத்தான். ஆழமில்லாத உரக்குழியில் கொட்டுவதும் அதே கதை.

போன வருஷம் பழ ஈயைப் பிடிக்கும் பொறியைப் பற்றியும் எழுதினீர்கள். எரிசாராயம் ஆறு பங்கு, ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் நாலு, பூச்சிக்கொல்லியான மாலத்தியான் ஒன்று. அதில் ஊறிய பிளைவுட் துண்டு. அளவெல்லாம் சரி. வருவது ஆண் ஈ மட்டுமே என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள்! ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ தன்பாட்டுக்கு முட்டையிடும். ஒரு வீட்டில் மட்டும் தொங்கவிட்டு, டப்பா நிறைந்ததைப் பார்த்துப் பூரித்துப் போகலாம். தெருவே சேர்ந்து வைத்தால்தான் பலன், அதுவும் ஒன்றரை மாதத்துக்கொரு முறை துண்டை மாற்றினால்.

படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைப்பழத்தைச் சுற்றும் சிவந்த கண் பொடி ஈயை அச்சிட்டிருக்கிறீர்கள். அது வேறு குடும்பம். பழ ஈ வீட்டு ஈ அளவு இருக்கும், குளவி போல இடை ஒடுங்கி, மஞ்சள் கோடுகளோடு.

இரண்டு வரித் திருத்தமும் சரியான படமும் அடுத்த ஞாயிறு வெளியானால் போதும். அதற்குள் யாரும் கோடரி எடுக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
அல்சூர், பெங்களூரு