ஆரஞ்சுப் பழத்துக்கு விதித்த வரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மீண்டும் மாலையில் நடக்கப் போகிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். கியூபாவை விடுவிக்கவென்று 1898இல் ஸ்பெயினோடு போரிட்ட அமெரிக்கா, போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியவற்றைத் தானே வைத்துக்கொண்டபோது தன் அரசமைப்புச் சட்டத்துக்கு என்ன சமாதானம் சொன்னது என்று கேட்டிருக்கிறாய். இப்போது அதுபற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்பு அவர்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. வடமேற்குப் பகுதிக்கான 1787ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நிலப்பகுதியில் சுதந்திர மக்கள் 60,000 பேர் சேர்ந்துவிட்டால் அது மற்ற மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகலாம். 1898 டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையிலோ அத்தகைய வாக்குறுதி எதுவும் இல்லை. தீவு மக்களின் உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானிக்கும் என்று மட்டும் எழுதினார்கள்.

இதற்குச் சட்ட உருவம் கொடுத்தது ஓர் ஆரஞ்சுப் பழ வழக்கு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்குப் பழம் வரவழைத்த டவுன்ஸ் என்ற வணிகரிடம் சுங்க அதிகாரிகள் 659 டாலர் 35 சென்ட் வசூலித்தார்கள். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தமானால் உள்நாட்டுச் சரக்குக்கு எப்படித் தீர்வை விதிக்கலாம் என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1901 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீவு அமெரிக்காவின் உடைமைதான், ஆனால் அமெரிக்காவின் அங்கம் அல்ல என்பதே அதன் சாரம். வரி செல்லும் என்று எழுதிய நீதிபதி பிரவுன்தான், ரயிலில் கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைப்பது சரி என்று 1896இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர். அந்த வழக்கில் தன்னந்தனியாக மறுத்த ஹார்லன் இதிலும் மறுத்தார். நிலத்தை வென்று குடியேற்ற நாடாக வைத்துக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் ஆன்மாவுக்கே முரணானது என்றார். அவர் சொன்னதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1917இல் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. அதன் பிறகும் நிலைமை மாறவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆளுநரை அவதூறு செய்தார் என்று தண்டிக்கப்பட்ட பால்ஸாக் என்ற பத்திரிகை ஆசிரியர் ஜூரி விசாரணை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த உரிமை தீவுக்குப் பொருந்தாது என்று 1922இல் தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட். பிலிப்பைன்ஸின் முதல் அமெரிக்கச் சிவில் ஆளுநராக இருந்த அதே டாஃப்ட்! தீவுகளை ஆண்டவரே, ஆளப்பட்டவருக்கு என்ன உரிமை உண்டு என்று தீர்மானிக்க உட்கார்ந்தால் வேறென்ன வரும்?

பிலிப்பைன்ஸ் 1946இல் விடுதலை பெற்றது. போர்ட்டோ ரிக்கோவில் வாழும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இன்றும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை. அந்தத் தீர்ப்புகள் இனவெறியில் வேரூன்றியவை, அவற்றைக் கைவிட வேண்டும் என்று 2022இல் நீதிபதி கோர்சச் தனியாக எழுதினார். ஆயினும் அவை இன்னும் ரத்தாகவில்லை.

குவாமை 1950 வரை கடற்படை ஆண்ட கதை தனியாக எழுத வேண்டியது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ஹார்லனின் மறுப்புரையைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு உன் கருத்தை எழுது.

அன்புடன்,
வேதமூர்த்தி