மினுக்கம் அடங்குகிற வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்டர்கலரில் போட்ட ஏரிப் படத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானத்தின் வலது மூலையில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு கறை விரிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் "பெயிண்ட் மட்டம்ப்பா" என்று எழுதியிருக்கிறாய். பெயிண்ட் மேல் தப்பில்லை. பாதி காய்ந்த வானத்தில் தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷை மறுபடி வைத்திருக்கிறாய். புதிதாக வந்த தண்ணீர், படியத் தொடங்கியிருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிட்டது. அவ்வளவுதான்.

வாட்டர்கலரில் பாதி வேலை ஈரத்தைப் பார்க்கத் தெரிவதுதான். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சம் படும்படி சாய்த்துப் பார். தண்ணீர் தேங்கிப் பளபளத்தால், வைக்கிற நிறம் எங்கெங்கோ ஓடும். பளபளப்பு போய் லேசான மினுக்கம் மட்டும் இருக்கிறதா? மேகம் போட அதுதான் நேரம். நிறம் விரியும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். பிரஷ்ஷில் இருக்கிற தண்ணீர், தாளில் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்புறம் மினுக்கமும் அடங்கிவிடும். பார்வைக்குக் காய்ந்த மாதிரியே இருக்கும். ஆபத்தான கட்டம் இதுதான். புறங்கையால் தொட்டுப் பார். (விரல் நுனி வேண்டாம், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் நிறம் சரியாக ஒட்டாது.) ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. எழுந்து போய்விடு. எனக்கு அந்தப் பொறுமை வர வருஷங்கள் ஆயின. உன் அம்மா கூப்பிட்டு ஏதாவது வேலை சொன்ன நாட்களில்தான் என் வானங்கள் உருப்படியாக வந்தன.

தாளும் அலை அலையாக எழும்பியிருக்கிறது. மெல்லிய தாள் போலிருக்கிறது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை என்று அர்த்தம்), முழுப் பருத்தித் தாளாக வாங்கு. விலை கூடத்தான். மிச்சம் பிடிக்க நினைத்தால் பிரஷ்ஷில் பிடி, தாளில் பிடிக்காதே. மரக்கூழ்த் தாளில் ஈரம் சீக்கிரம் போய்விடும், நாலு தரம் தேய்த்தால் மேல்தோல் உரியும். 300 ஜிஎஸ்எம் ஆனாலும் நிறையத் தண்ணீர் விட்டால் கொஞ்சம் நெளியும். நாலு பக்கமும் பலகையோடு டேப் ஒட்டிக்கொள்.

சிவப்பு வாங்கும்போது டியூபைத் திருப்பி, பின்னால் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படி. பிஆர் 83 என்றிருந்தால் அது அசல் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளிறும். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த என் ரோஜாப் படம் நினைவிருக்கிறதா? சட்டத்தைக் கழற்றியபோது, அட்டை மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் சோகை பிடித்த மாதிரி. இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. ரஸ்ஸல், அப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து 1888-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். நான்தான் டியூபைப் படிக்கவில்லை. பிவி 19 குறியீட்டில் வரும் குவினாக்ரிடோன் ரோஸ் நன்றாகத் தாங்குகிறது.

பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைக்கிற பழக்கத்தை இன்றோடு விடு. போட்டோவின் ஓரத்தில் அதையும் பார்த்துவிட்டேன். நுனி வளைந்துவிடும், கைப்பிடிக்குள் தண்ணீர் இறங்கித் தகரப் பூண் ஆடத் தொடங்கும். கழுவி, நுனியைக் கூராக்கி, படுக்கப் போட்டுக் காயவை. நிறம் கலக்கிற பேலட்டை ஈரத்தோடு மூடாதே, பூஞ்சை பிடிக்கும். நிறம் படக் கூடாத இடத்தை மறைக்கப் பூசும் ரப்பர் திரவம் இருக்கிறதே, அந்த மாஸ்கிங் ஃப்ளூயிடுக்கு ஒரு பழைய பிரஷ் போதும். முதலில் அதைச் சோப்பில் தோய்த்துக்கொள்.

சரி, அந்த ஏரிப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. வானத்துக்குப் போட்டது அல்ட்ராமரின் நீலம் என்றால், சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் கறையின் ஓரத்தை மெல்ல நெகிழ்த்தி, டிஷ்யூவால் ஒற்றி எடு. முக்கால்வாசி போய்விடும். தாலோ புளூ என்றால் அது தாளைக் கவ்விக்கொண்டிருக்கும், தேய்க்காதே. அந்த மூலையில் அடர்ந்த மரம் ஒன்றைப் போட்டு மறைத்துவிடலாம். எந்த நீலம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா