இறுதிச் சடங்கு விதிகளை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் மதங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்ற பேச்சு, கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் எப்போது மூடப்பட்டன, எப்போது திறக்கப்பட்டன என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே தொற்று மிகுந்திருந்த இராயபுரம் மண்டலத்தில் வசிக்கும் எனக்கு அது பாதிப் பேச்சாகவே படுகிறது. கதவடைப்பை மக்கள் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை வெளியாரை அண்டவிடாத வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்ற நபிமொழியை இஸ்லாமியர்கள் அறிவார்கள். அந்த ஆண்டு நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசல்களில் காய்ச்சாமல், அரசு வழங்கிய அரிசியைத் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே கொண்டுசேர்த்தனர். 2021 மே மாதத்தில், கோயில்களின் அன்னதானத் திட்டத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு உணவுப் பொட்டலங்கள் சென்றன. இவையெல்லாம் நன்றியோடு நினைக்கத்தக்கவை.

குடும்பங்களை உண்மையில் உலுக்கியது, இறந்தவரை எப்படி வழியனுப்புவது என்ற கேள்விதான். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலைக் குளிப்பாட்டுவதையும் முத்தமிடுவதையும் தழுவுவதையும் தடுத்தாலும், உறையைத் திறந்து உறவினர் கடைசியாக முகம் பார்க்கவும், உடலைத் தொடாமல் வேதம் ஓதவும், புனித நீர் தெளிக்கவும் இடம் கொடுத்தது. சாம்பலால் தொற்று பரவாது என்பதால் அதைச் சேகரிக்கவும் அனுமதித்தது. ஆனால் இந்த விவரம் தெருவுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்ததெல்லாம் அச்சம். அதன் விளைவாகவே அந்த ஏப்ரலில், தொற்றால் உயிரிழந்த மருத்துவர் ஒருவரின் உடலை நம் நகரத்திலேயே அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தடுத்தது. ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது. அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை மாநில அரசு பிறப்பிக்க வேண்டியதாயிற்று. சட்டம் தேவையானதே. எனினும், அச்சத்தைப் போக்கும் சொல் அர்ச்சகரிடமிருந்தோ இமாமிடமிருந்தோ பங்குத்தந்தையிடமிருந்தோ முன்னதாக வந்திருந்தால், அந்தக் கூட்டமே கூடியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாதி, மதம் பாராமல் உடல்களைப் பெற்று, அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்த தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) போன்ற அமைப்புகளின் தொண்டர்களைக் கண்ட பிறகுதான் பல தெருக்களில் பயம் தணிந்தது.

2014ஆம் ஆண்டு எபோலா பரவலின்போது மேற்கு ஆப்பிரிக்காவில் தொற்று பரவிய முக்கிய வழிகளில் ஒன்று, உடலைத் தொட்டுக் கழுவும் சடங்கு. உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களையும் உடன் வைத்துக்கொண்டே பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்திற்கான நடைமுறையை வகுத்தது. நம்மிடமும் அத்தகைய ஏற்பாடு, நோய் வந்த பிறகு அல்ல, முன்பே இருக்க வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். 2020இல் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பு நடத்திய கூட்டத்தை முன்வைத்து ஒரு சமூகத்தையே நோயின் பெயராக்கியது பெரும் அநீதி. தன் மதம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது எவரும் பரிசோதனைக்குத் தாமாக முன்வருவது கடினம். கூடிய இடத்தைச் சொல்வது தொற்றுத் தடம் அறியத் தேவையானது. மதத்தைச் சொல்லிச் சொல்லி அறிவிப்பது தேவையற்றது.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில், சுகாதார அலுவலர்கள் அந்தந்த வார்டின் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளையும் மயானப் பணியாளர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே மேசையில் அமர்த்த மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். இறுதிச் சடங்கில் எது ஆகும், எது ஆகாது என்பதை அவர்கள் சேர்ந்து எழுதி, மூலகொத்தளம் மயானம் தொடங்கி எல்லா மயானங்களின் வாயிலிலும் தமிழ், உருது, தெலுங்கு மொழிகளில் பலகையாக வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.